ஹவாரிய்யூன்களின் முடிவு: உறுதியான செய்தி எது, பிற்காலக் கதை எது?

ஈஸா நபி (அலை) அவர்களின் நெருங்கிய தோழர்களைக் குர்ஆன் 'ஹவாரிய்யூன்' என்கிறது. கிறித்தவ சகோதரர்கள் அவர்களை அப்போஸ்தலர்கள் என்றும் திருத்தூதர்கள் என்றும் அழைக்கிறார்கள். கல்லூரியிலும் அலுவலகத்திலும் கிறித்தவ நண்பர்களோடு பழகும் நம் பிள்ளைகள் ஒரு கேள்வியை அடிக்கடி சந்திக்கிறார்கள். "பன்னிரண்டு பேரில் ஒருவரைத் தவிர எல்லோரும் கொடூரமாகக் கொல்லப்பட்டார்கள். பொய்க்காக யாராவது உயிரைக் கொடுப்பார்களா?" என்பதுதான் அது.

இதற்கு நம்மில் சிலர் "எல்லாம் கட்டுக்கதை" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறார்கள். சிலர் பதில் தெரியாமல் விழிக்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. ஏனெனில் ஹவாரிய்யூன்கள் நமக்கு அந்நியர்கள் அல்லர். ஒரு இறைத்தூதரின் தோழர்களைப் பற்றிப் பேசும்போது மரியாதையும் வேண்டும், சரியான தகவலும் வேண்டும். அவர்களைப் பற்றிய செய்திகள் எந்தக் காலத்தில், யார் மூலமாக வந்தன என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

குர்ஆன் சொல்வதும் சொல்லாததும்

ஹவாரிய்யூன்களைப் பற்றிக் குர்ஆன் முக்கியமாக மூன்று இடங்களில் பேசுகிறது. ஆலு இம்ரான் 52, 53 வசனங்களில், அல்லாஹ்வுக்காக எனக்கு உதவுபவர் யார் என்று ஈஸா (அலை) கேட்க, நாங்கள் அல்லாஹ்வின் உதவியாளர்கள் என்று அவர்கள் முன்வருகிறார்கள். அல்மாயிதா 111 முதல் 115 வரையிலான வசனங்களில், வானிலிருந்து உணவுத்தட்டு இறங்க வேண்டும் என்று அவர்கள் கேட்ட செய்தி வருகிறது. அஸ்ஸஃப் அத்தியாயத்தின் கடைசி வசனம், அவர்களைப் போல நீங்களும் அல்லாஹ்வின் உதவியாளர்களாகுங்கள் என்று இறைநம்பிக்கையாளர்களை அழைக்கிறது.

இந்த வசனங்களில் அவர்களின் பெயர்கள் இல்லை. பன்னிரண்டு என்ற எண்ணிக்கை இல்லை. யார் எங்கே இறந்தார், எப்படி இறந்தார் என்ற விவரமும் இல்லை. அவர்கள் ஈமான் கொண்டார்கள், ஓர் இறைத்தூதருக்குத் துணை நின்றார்கள் என்பதே நமக்குச் சொல்லப்பட்டது.

'ஹவாரீ' என்ற சொல்லுக்கு வெண்மையோடு தொடர்புபடுத்தி, வெள்ளாடை அணிந்தவர், துணி வெளுப்பவர், தூய உள்ளம் கொண்டவர் என்று விரிவுரையாளர்கள் பல விளக்கங்கள் தந்துள்ளனர். எத்தியோப்பிய மொழியில் 'தூதராக அனுப்பப்பட்டவர்' என்ற பொருளில் இதே சொல் இருப்பதை மொழி ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். ஒவ்வொரு நபிக்கும் ஒரு ஹவாரீ உண்டு, என்னுடைய ஹவாரீ ஸுபைர் என்று நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரியில் இருக்கிறது. அகழ்ப் போரின் நெருக்கடியில் எதிரியின் நிலையை அறிந்துவர ஸுபைர் (ரலி) அவர்கள் திரும்பத் திரும்ப முன்வந்தபோது சொல்லப்பட்ட வார்த்தை அது. அந்தச் சொல்லின் கண்ணியத்தை இதிலிருந்தே நாம் புரிந்துகொள்ளலாம்.

பன்னிரண்டு பேர் யார்?

பெயர்ப் பட்டியல் கிறித்தவர்களின் புதிய ஏற்பாட்டில் நான்கு இடங்களில் வருகிறது. மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய சுவிசேஷங்களிலும் அப்போஸ்தலர் நடபடிகள் என்ற நூலிலும் அதைக் காணலாம். பேதுரு எனப்படும் சீமோன், அவருடைய சகோதரர் அந்திரேயா, செபதேயுவின் மகன்களான யாக்கோபு, யோவான், பிறகு பிலிப்பு, பர்த்தொலொமேயு, தோமா, மத்தேயு, அல்பேயுவின் மகன் யாக்கோபு, ததேயு, இன்னொரு சீமோன், யூதாஸ் ஸ்காரியோத்து ஆகியோரே அந்தப் பன்னிருவர். லூக்காவின் பட்டியலில் ததேயுவின் இடத்தில் யாக்கோபின் யூதா என்ற பெயர் இருக்கிறது. யூதாஸ் ஸ்காரியோத்து காட்டிக்கொடுத்துவிட்டு இறந்த பிறகு மத்தியா என்பவரைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்ததாக நடபடிகள் நூல் கூறுகிறது.

இவர்களில் முதல் நால்வர் கலிலேயாக் கடலில் வலைவீசிய மீனவர்கள். மத்தேயு வரி வசூலித்தவர். பெரும் செல்வமோ பதவியோ இல்லாத எளிய மனிதர்களே ஓர் இறைத்தூதரின் முதல் துணையாக நின்றார்கள். மக்காவின் ஆரம்ப நாட்களை அறிந்த நமக்கு இது வியப்பைத் தராது.

பவுல் இந்தப் பன்னிருவரில் ஒருவர் அல்லர். ஈஸா (அலை) அவர்கள் பூமியில் வாழ்ந்த காலத்தில் அவர்களோடு சேர்ந்து நடந்தவரும் அல்லர். பின்னர் வந்து சேர்ந்த அவரையும் அப்போஸ்தலர் என்றே கிறித்தவர்கள் மதிக்கிறார்கள். இந்த வேறுபாட்டை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

உறுதியாகத் தெரிந்த மரணங்கள்

பன்னிருவரில் ஒருவரின் கொலை மட்டுமே புதிய ஏற்பாட்டில் நேரடியாகப் பதிவாகியிருக்கிறது. அவர் செபதேயுவின் மகன் யாக்கோபு. ஏரோது அகிரிப்பா என்ற அரசன் அவரை வாளால் கொன்றதாக நடபடிகள் நூலின் 12ஆம் அதிகாரம் சொல்கிறது. அகிரிப்பா யூதேயாவை ஆண்டது கி.பி. 41 முதல் 44 வரை. எனவே கொலையும் அந்த ஆண்டுகளுக்குள்தான் நடந்திருக்க வேண்டும். செய்தி ஒரே ஒரு வாக்கியம்தான். விசாரணை, கேள்வி பதில் எதுவும் அதில் இல்லை.

இன்னொரு யாக்கோபும் இருக்கிறார். ஈஸா (அலை) அவர்களின் சகோதரர் என்று கிறித்தவ நூல்கள் குறிப்பிடும் இவர் பன்னிருவரில் சேராதவர், ஆனால் ஜெருசலேம் சமூகத்தின் தலைவராக இருந்தவர். 'சகோதரர்' என்றால் உடன்பிறந்தவரா, ஒன்றுவிட்ட சகோதரரா என்பதில் கிறித்தவப் பிரிவுகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. இவருடைய மரணத்தைக் கிறித்தவர் அல்லாத ஒருவரே பதிவு செய்திருக்கிறார். அவர் யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ். கி.பி. 62இல் ரோம ஆளுநர் ஒருவர் இறந்து அடுத்தவர் வந்து சேர்வதற்குள், அனானஸ் என்ற தலைமைக் குரு சபையைக் கூட்டி, சட்டத்தை மீறியதாகக் குற்றம் சாட்டி யாக்கோபையும் வேறு சிலரையும் கல்லெறிந்து கொல்லச் செய்தார். நகரத்தின் நியாயமான மக்கள் இதை வெறுத்து முறையிட்டார்கள். அனானஸின் பதவி மூன்றே மாதத்தில் பறிபோனது. நடந்த காலத்துக்கு நெருக்கமாக, வெளியாள் ஒருவரால் எழுதப்பட்டதால் இந்தச் செய்திக்கு வரலாற்றாசிரியர்கள் அதிக மதிப்புத் தருகிறார்கள்.

ரோமில் பேதுருவும் பவுலும்

பேதுரு தலைகீழாகச் சிலுவையில் அறையப்பட்டார் என்பது உலகம் முழுவதும் பரவிய செய்தி. இதில் எவ்வளவு உறுதி?

கி.பி. 64 ஜூலையில் ரோம் நகரம் பற்றி எரிந்தது. பழியைக் கிறித்தவர்கள் மீது போட்ட மன்னன் நீரோ, அவர்களை நாய்களுக்கு இரையாக்கியதையும் சிலுவையில் அறைந்ததையும் இரவில் விளக்குப்போல் எரித்ததையும் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் பேதுருவின் பெயரையோ பவுலின் பெயரையோ குறிப்பிடவில்லை.

கி.பி. 96 வாக்கில் ரோமிலிருந்து கொரிந்து நகரத்துக்கு எழுதப்பட்ட கிளமெந்துவின் கடிதம் இருவரும் துன்பப்பட்டு உயிர்நீத்ததைப் பேசுகிறது. எந்த முறையில் இறந்தார்கள் என்று அது சொல்லவில்லை. பேதுரு கைகளை விரித்து இறப்பார் என்ற குறிப்பு யோவான் சுவிசேஷத்தின் இறுதியில் உண்டு. தலைகீழாக என்ற விவரம் இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட 'பேதுருவின் நடபடிகள்' என்ற கதை நூலில்தான் வருகிறது. இந்த நூலைக் கிறித்தவத் திருச்சபையே தன் வேதத்தில் சேர்க்கவில்லை.

பவுலின் கதையும் இப்படித்தான். புதிய ஏற்பாட்டு வரலாறு, அவர் ரோமில் வாடகை வீட்டில் இரண்டு ஆண்டுகள் காவலில் இருந்தார் என்பதோடு நின்றுவிடுகிறது. அவர் ரோமக் குடிமகன் என்பதால் சிலுவைக்குப் பதிலாக வாளால் தலை வெட்டப்பட்டார் என்பது பின்வந்த நூல்களின் செய்தி.

ஆக, இருவரும் ரோமில் கொல்லப்பட்டிருக்க வாய்ப்பு மிக அதிகம். ஆனால் எப்படிக் கொல்லப்பட்டார்கள் என்பதற்கான விவரங்கள் பிற்காலத்தில் சேர்ந்தவை.

மற்றவர்கள் விஷயத்தில் ஏன் இத்தனை முரண்பாடு?

யோவான் முதுமை வரை வாழ்ந்து, இன்றைய துருக்கியில் உள்ள எபேசு நகரத்தில் டிராஜன் மன்னன் காலம் வரை இருந்தார் என்று இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் இரேனியஸ் சொல்கிறார். டிராஜன் கி.பி. 98இல்தான் ஆட்சிக்கு வந்தார். யோவானின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் இடத்தில் ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் மன்னன் எழுப்பிய பேராலயத்தின் இடிபாடுகளை இன்றும் பார்க்கலாம். அதே குன்றின் அடிவாரத்தில் 14ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஈஸா பே பள்ளிவாசல் நிற்கிறது.

மற்றவர்களைப் பற்றிய செய்திகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. பர்த்தொலொமேயு ஆர்மீனியாவில் உயிரோடு தோலுரிக்கப்பட்டார் என்று ஒரு மரபு, தலை வெட்டப்பட்டார் என்று இன்னொரு மரபு. அவர் இந்தியாவுக்கு வந்தார் என்றும் ஒரு செய்தி உண்டு. சீமோன் பாரசீகத்தில் கொல்லப்பட்டார் என்பார்கள். பிரிட்டன் வரை போனார் என்பாரும் உண்டு. அந்திரேயா பெருக்கல் குறி வடிவச் சிலுவையில் இறந்தார் என்பது ஸ்காட்லாந்துக் கொடி வரை போய்விட்டது. ஆனால் அந்த வடிவம் இடைக்காலத்தில்தான் கதைக்குள் வந்தது. காட்டிக்கொடுத்த யூதாஸின் சாவுக்கே புதிய ஏற்பாட்டில் இரண்டு விவரங்கள் உள்ளன. தூக்கிட்டுக்கொண்டான் என்கிறது மத்தேயு. கீழே விழுந்து வயிறு வெடித்து இறந்தான் என்கிறது நடபடிகள்.

பலருக்கும் தெரியாத ஒரு சான்றும் இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹெராக்ளியன் என்ற கிறித்தவ ஆசிரியரின் கருத்தை அலெக்சாந்திரியாவின் கிளமெந்து எடுத்துக்காட்டுகிறார். அதிகாரிகள் முன் சாட்சி சொல்லி உயிர்விடும் நிலை வராமலே இறந்தவர்களில் மத்தேயு, பிலிப்பு, தோமா ஆகியோரை ஹெராக்ளியன் சேர்க்கிறார். அவர்கள் காலத்துக்கு நூறு ஆண்டுகள் கழித்துக்கூட, எல்லோரும் கொல்லப்பட்டார்கள் என்ற கருத்து முழுமையாக உருவாகவில்லை என்பதை இது காட்டுகிறது.

ஏன் இப்படி? அறிவிப்பாளர் தொடரைப் பாதுகாக்கும் முறை அங்கே இருக்கவில்லை. துன்புறுத்தலுக்கு உள்ளான ஒரு சமூகம், தன் முன்னோர்களை ஷஹீதுகளாக நினைவுகூர விரும்பியது. ஒவ்வொரு நகரமும் ஓர் அப்போஸ்தலரின் கல்லறை தன்னிடம் இருப்பதைப் பெருமையாகக் கருதியது. கதைகள் வளர்ந்தன.

மயிலாப்பூரின் தோமா

இந்த வரலாறு நம் ஊர் வரைக்கும் வருகிறது. சென்னை சாந்தோம் தேவாலயமும் சின்னமலையும் பரங்கிமலையும் தோமாவின் பெயரோடு இணைந்தவை. கி.பி. 52இல் கேரளத்தின் கொடுங்கல்லூர்ப் பகுதியில் கரையிறங்கி, கி.பி. 72இல் சென்னையில் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார் என்பது இங்குள்ள கிறித்தவர்களின் மரபு.

எழுத்துச் சான்றில் பழமையானது மூன்றாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் சிரியாக் மொழியில் எழுதப்பட்ட 'தோமாவின் நடபடிகள்'. அரண்மனை கட்ட அரசன் கொடுத்த பணத்தைத் தோமா ஏழைகளுக்கு வழங்கிவிட்டு, உமக்கு வானத்தில் மாளிகை எழும்புகிறது என்று சொன்ன கதை அதில்தான் இருக்கிறது. அந்த அரசன் கொண்டோபரஸ் உண்மையில் இருந்தவன் என்பதை நாணயங்களும் கல்வெட்டும் உறுதிசெய்கின்றன. ஆனால் அவன் ஆண்டது வடமேற்கே, இன்றைய பாகிஸ்தான் பகுதியில். தோமாவின் எலும்புகளை வணிகர் ஒருவர் இந்தியாவிலிருந்து எடெஸ்ஸா நகரத்துக்குக் கொண்டுவந்தார் என்று நான்காம் நூற்றாண்டில் எஃப்ரேம் பாடியிருக்கிறார். பிறகு அவை 1258இல் இத்தாலியின் ஓர்டோனா நகரம் போய்ச் சேர்ந்ததாகச் சொல்கிறார்கள்.

நமக்கு மிகவும் சுவையான சான்று 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் கடற்கரைக்கு வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோவிடம் இருக்கிறது. அரபு வணிகர்கள் 'மஅபர்' என்றழைத்த சோழமண்டலக் கரையைப் பற்றியும், குதிரை வணிகம் நடந்த காயல் துறைமுகத்தைப் பற்றியும் எழுதியவர் அவர். தோமாவின் அடக்கத்தலத்துக்குக் கிறித்தவர்களோடு முஸ்லிம்களும் வருகிறார்கள், அவரை 'அவாரியன்' என்று சொல்லி மதிக்கிறார்கள் என்று அவர் குறிப்பிடுகிறார். அந்தச் சொல் 'ஹவாரீ' என்பதன் திரிபு என்று அவருடைய நூலை ஆங்கிலத்தில் பெயர்த்த ஹென்றி யூல் விளக்கினார். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையில் வாழ்ந்த முஸ்லிம்கள் தோமாவை எந்தப் பெயரால் நினைத்தார்கள் என்பதற்கு இது ஓர் அரிய பதிவு.

அதே மார்க்கோ போலோ தோமாவின் மரணத்தை வேறு விதமாகச் சொல்கிறார். காட்டில் தொழுகையில் இருந்த தோமாவைச் சுற்றி மயில்கள் நின்றன. மயில் வேட்டையாட வந்த ஒருவன் எய்த அம்பு தவறி அவர் மீது பாய்ந்தது என்பது அவர் கேட்ட செய்தி. அரச ஆணையின்படி வீரர்கள் குத்தினார்கள் என்கிறது சிரியாக் நூல். ஹெராக்ளியனோ அவரைக் கொல்லப்படாதவர்களில் சேர்க்கிறார். ஒரே மனிதருக்கு மூன்று விதமான முடிவுகள்.

நம் நூல்களிலும் கவனம் தேவை

கிறித்தவ மரபை இப்படி ஆராயும் நாம், நம் பக்கத்துச் செய்திகளையும் அதே தராசில் நிறுத்த வேண்டும்.

மன்னர்களுக்குத் தூதர்களை அனுப்பும்போது, ஈஸா (அலை) அவர்களின் ஹவாரிய்யூன்கள் தயங்கியதைப்போல நீங்கள் தயங்காதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் சொன்னதாக இப்னு இஸ்ஹாக் தம் சீராவில் அறிவிக்கிறார். பக்கத்து ஊருக்கு அனுப்பப்பட்டவர்கள் மகிழ்ந்தார்களாம், தொலைவுக்கு அனுப்பப்பட்டவர்கள் சுணங்கினார்களாம். அதைத் தொடர்ந்து ஒரு பட்டியலும் வருகிறது. பேதுரு ரோமுக்கு, அவருடன் பவுலும். தோமா கிழக்கே பாபிலோனுக்கு, பிலிப்பு ஆப்பிரிக்காவின் கார்த்தேஜுக்கு, யோவான் எபேசுவுக்கு, பர்த்தொலொமேயு ஹிஜாஸுக்கு என்று அது போகிறது. பவுல் ஹவாரீ அல்லர், பின்பற்றியவர் மட்டுமே என்ற குறிப்பும் அதில் உண்டு. இந்த ஊர்ப் பட்டியல் நபிமொழி அல்ல. அதை வரலாற்றுத் தகவலாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

யாஸீன் அத்தியாயத்தில் ஓர் ஊருக்கு மூன்று தூதர்கள் வந்த சம்பவம் வருகிறது. அந்த ஊர் அந்தாக்கியா என்றும், வந்தவர்கள் ஈஸா (அலை) அனுப்பிய ஹவாரிய்யூன்கள் என்றும் பல தஃப்ஸீர்களில் காண்கிறோம். இமாம் இப்னு கஸீர் இதை ஏற்கவில்லை. வசனத்தின் போக்கு அவர்களை அல்லாஹ் நேரடியாக அனுப்பிய தூதர்களாகவே காட்டுகிறது, மேலும் ஈஸா (அலை) அவர்களை முதலில் ஏற்ற நகரங்களில் ஒன்று அந்தாக்கியா, அது அழிக்கப்பட்ட ஊராக இருக்க முடியாது என்று அவர் காரணம் காட்டுகிறார். அந்தச் சம்பவத்தில் ஓடிவந்து தூதர்களை ஆதரித்த மனிதரின் பெயர் ஹபீப் நஜ்ஜார் என்று சொல்லப்படும். அவர் பெயரால் துருக்கியின் அந்தாக்கியாவில் நின்ற பழமையான பள்ளிவாசல் 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தில் இடிந்தது.

பரவலாக வழங்கும் செய்தி என்பதாலேயே அது உறுதியாகிவிடாது என்பதை நம் இமாம்களே இப்படிக் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு என்ன பதில்?

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

ஆரம்பகால அப்போஸ்தலர்களில் சிலர் கொல்லப்பட்டார்கள் என்பது உண்மை. இரண்டு யாக்கோபுகளின் கொலைக்கு நல்ல சான்று இருக்கிறது. பேதுரு, பவுல் ஆகியோரின் கொலைக்கு வலுவான வாய்ப்பு இருக்கிறது. மற்றவர்களின் சாவு பற்றிய விவரங்கள் நூறு, இருநூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டவை, ஒன்றையொன்று மறுப்பவை. எனவே "எல்லோரும் கொல்லப்பட்டார்கள்" என்பதும் சரியல்ல, "யாருமே கொல்லப்படவில்லை" என்பதும் சரியல்ல.

உயிரைக் கொடுப்பது ஒருவரின் உண்மையான உள்ளத்தைக் காட்டும். ஆனால் அவர் எந்தக் கொள்கைக்காக உயிர் கொடுத்தார் என்பது வேறு கேள்வி. செபதேயுவின் மகன் யாக்கோபு கொல்லப்பட்ட செய்தியில் அவருடைய நம்பிக்கை என்னவென்று எதுவும் சொல்லப்படவில்லை. இன்னொரு யாக்கோபின் மீது சுமத்தப்பட்டது சட்டத்தை மீறிய குற்றம். ஈஸா (அலை) கொல்லப்படவும் இல்லை, சிலுவையில் அறையப்படவும் இல்லை என்று அன்னிஸா 157ஆம் வசனம் தெளிவாகச் சொல்கிறது. அதில் கிறித்தவர்களோடு நமக்குள்ள வேறுபாடு அப்படியே இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. அதற்காக அவர்கள் மதிக்கும் மனிதர்களின் தியாகத்தை ஏளனம் செய்ய வேண்டியதும் இல்லை. ஹவாரிய்யூன்கள் முஸ்லிம்களாக, அல்லாஹ்வுக்கு அடிபணிந்தவர்களாக இருந்தார்கள் என்பதே குர்ஆனின் சாட்சியம். ஆகவே அவர்களில் யாரேனும் அநியாயமாகக் கொல்லப்பட்டிருந்தால், அது நமக்கும் துயரமான செய்திதான்.

அடுத்த முறை இந்தப் பேச்சு எழும்போது நம் பிள்ளைகள் பொறுமையாகக் கேட்கட்டும். இந்தச் செய்தி எந்த நூலில் முதலில் வருகிறது, எப்போது எழுதப்பட்டது என்று மரியாதையோடு விசாரிக்கட்டும். அதே கேள்வியை ஒரு வாட்ஸ்அப் தகவலிடமும், மேடையில் கேட்ட ஒரு சம்பவத்திடமும் கேட்கப் பழகட்டும். கேள்விப்பட்டதையெல்லாம் பரப்புவதைப் பற்றி நம் மார்க்கம் கடுமையாக எச்சரித்திருக்கிறது. அந்த எச்சரிக்கை பிற சமூகத்தாரின் பெரியவர்களைப் பற்றி நாம் பேசும்போதும் பொருந்தும்.

அல்லாஹ் மிக அறிந்தவன்.